அத்தியாயம் 6: ஃபார்மேட் அடிக்கும் முன் விண்டோஸ் கீயைத் தேடுங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதல் கேள்வி, "ஃபார்மேட் அடிச்சிரலாமா சார்?" இரண்டாவது, "ஒரிஜினல் போடணுமா, சாதா போதுமா?" முதல் கேள்விக்கு எல்லோரும் சட்டென்று தலையாட்டிவிடுகிறோம். இரண்டாவதில்தான் தடுமாற்றம். பெரிய கம்பெனி லேப்டாப் வாங்கியபோது விண்டோஸுக்கான காசும் அந்த விலைக்குள்ளேயே போய்விட்டது. ஆனால் "கீ இருக்கா?" என்று கடைக்காரர் கேட்டதும் விழிக்கிறோம், "சரி தம்பி, சாதாவே போடுங்க" என்கிறோம். சொந்த வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வாடகைக்குக் குடிபோகிற கதைதான் இது.

பெரும்பாலானோர் கீ எதையும் தேடவே வேண்டியதில்லை. உங்கள் உரிமம் எந்த வகை, அது எங்கே பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தால் போதும். அந்த இடங்கள் மூன்றுதான்: ஒரு ஸ்டிக்கரிலோ அட்டையிலோ மின்னஞ்சலிலோ அச்சாகியிருக்கும், அல்லது மதர்போர்டின் சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கும், அல்லது மைக்ரோசாஃப்டின் சர்வரில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரில் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டர் எந்தக் காலத்தது என்பதை வைத்தே இவற்றில் எது உங்களுடையது என்று பாதி சொல்லிவிடலாம்.

ஸ்டிக்கர் காலம்

விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7 ஆகியவற்றோடு வந்த கம்ப்யூட்டர்களில் கீ ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். டெஸ்க்டாப் என்றால் கேபினட்டின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ. லேப்டாப் என்றால் அடிப்பக்கத்தில், சிலவற்றில் பேட்டரியைக் கழற்றினால் அந்தக் குழிக்குள். பேட்டரிக் குழிக்குள் ஒட்டியது பெரும்பாலும் பிழைத்திருக்கும். அடியில் ஒட்டியது மடியிலும் மேசையிலும் தேய்ந்து பாதி எழுத்து போயிருக்கும்.

தேய்ந்த ஸ்டிக்கரை வாசிக்க ஒரு வழி உண்டு. கீ என்பது ஐந்தைந்தாக ஐந்து கட்டு, மொத்தம் 25 எழுத்துகள். ஆனால் ஆங்கில எழுத்துகளும் எண்களும் எல்லாமே அதில் வராது. 24 குறிகள் மட்டுமே புழங்கும். ஏ, இ, ஐ, ஓ, யூ ஆகிய உயிரெழுத்துகள் கிடையாது. எல், எஸ், இஸட் கிடையாது. எண்களில் 0, 1, 5 கிடையாது. ஆகவே சுழியம் போலத் தெரிவது சுழியமும் இல்லை, ஓவும் இல்லை. வால் தேய்ந்த க்யூவாகவோ, டி ஃபார் டாக்காகவோ இருக்கும். 5 போலத் தெரிவது 6 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மிஞ்சுகிற குழப்பம் முக்கியமாக இரண்டு: 8-க்கும் பி ஃபார் பாலுக்கும், 6-க்கும் ஜிக்கும். என் என்ற எழுத்து விண்டோஸ் 7 வரைக்குமான கீகளில் வராது. விண்டோஸ் 8 முதல் வரும். டார்ச்சைச் சாய்த்து அடித்து மொபைலில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தால் அழிந்த எழுத்தின் தடம் பல நேரம் தெரியும். சந்தேகமுள்ள எழுத்து இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொரு சேர்க்கையாகப் போட்டுப் பார்க்கலாம். தவறான கீயை விண்டோஸ் வாங்கிக்கொள்ளாது, அவ்வளவுதான்; அதனால் வேறு கேடில்லை.

சில ஸ்டிக்கர்களில் கீயின் ஒரு பகுதிமேல் சாம்பல் நிறப் பூச்சு இருக்கும். ரீசார்ஜ் கார்டு சுரண்டிய பழக்கத்தில் நாணயத்தை வைத்து அழுத்திச் சுரண்டினால் பூச்சோடு எழுத்தும் போய்விடும். நகத்தால் மெதுவாகச் செய்யுங்கள்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம். ஸ்டிக்கர் தேய்ந்துவிட்டதே என்று, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7-லிருந்து ஏதாவது மென்பொருளை வைத்துக் கீயை எடுப்பார்கள். ஒரு கீ வரும். ஆனால் அது ஸ்டிக்கரில் உள்ள கீ இல்லை. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே பொதுக் கீயைத்தான் தொழிற்சாலையில் போட்டு அனுப்பின; பயாஸுக்குள் உள்ள ஒரு குறிப்போடும் கம்பெனியின் சான்றிதழ்க் கோப்போடும் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். அந்தக் கம்பெனியின் ரெக்கவரி டிஸ்க் இல்லாமல் வெறும் விண்டோஸ் 7 டிஸ்கில் அதை அடித்தால் ஆக்டிவேட் ஆகாது. வெறும் டிஸ்குக்கு உரியது ஸ்டிக்கர் கீதான்.

தொடக்கத்தில் கீயைச் சரிபார்ப்பது எவ்வளவு எளிமையாக இருந்தது என்பதற்கு விண்டோஸ் 95 ஒரு சாட்சி. அதன் கீயில் கடைசி ஏழு இலக்கங்களைக் கூட்டினால் வரும் தொகை ஏழால் வகுபட வேண்டும். சோதனையின் சாரம் அவ்வளவே. வாய்ப்பாடு தெரிந்த எவரும் கீ தயாரித்துவிடலாம். 2001-இல் வந்த எக்ஸ்பிதான் ஆக்டிவேஷன் என்ற கெடுபிடியைச் சாதாரண வாடிக்கையாளரிடம் கொண்டுவந்தது.

மதர்போர்டுக்குள் எழுதியது

2012-இல் விண்டோஸ் 8 வந்ததோடு கம்பெனி லேப்டாப்களில் கீயுள்ள ஸ்டிக்கர் போயிற்று. அடியில் ஒரு விண்டோஸ் லோகோ மட்டும் இருக்கும், கீ இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "கீ இல்லாமல் விற்றுவிட்டான்" என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனிக் கீ, மதர்போர்டின் ஃபர்ம்வேரில் எம்எஸ்டிஎம் என்ற சிறிய அட்டவணைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்கை மாற்றினாலும் அது போகாது. ஃபார்மேட் அடித்தாலும் போகாது. விண்டோஸை நிறுவும்போது நிறுவல் நிரலே அதை வாசித்து, எந்தப் பதிப்பு என்று கண்டுகொண்டு, கேள்வி கேட்காமல் போட்டுவிடும். இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டு உயிர் கொடுப்பது இன்று எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த நேரத்தில்தான் ஒரிஜினல் உரிமம் வீணாகிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் கோப்பை எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்து, "இதிலிருந்து போடுங்க" என்று சொல்லுங்கள். கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்ற வரியை அழுத்தச் சொல்லுங்கள். அவர் கையிலிருக்கும் பென்டிரைவ் வேண்டாம். அதில் உள்ளது பெரும்பாலும் ப்ரோ அல்லது என்டர்பிரைஸ் பதிப்பு. உங்கள் போர்டில் உள்ளது ஹோம் கீ. பதிப்பு மாறினால் உரிமம் பொருந்தாது.

இதிலேயே நம்மூரில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. இந்தியாவில் விற்கும் வீட்டு லேப்டாப்களில் பெரும்பாலும் வருவது ஹோம் அல்ல, ஹோம் சிங்கிள் லாங்வேஜ். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உரிமத்துக்கு வேறு வேறு. நிறுவும்போது பதிப்புகளின் பட்டியல் வந்தால் பழக்கதோஷத்தில் ஹோம் என்பதை அழுத்தாதீர்கள். ஃபார்மேட் அடிக்கும் முன்பே செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்து, பதிப்பின் முழுப்பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் ப்ராடக்ட் ஐடி என்று ஒன்று இருக்கும். பலர் அதைத்தான் கீ என்று நினைத்து டைரியில் பத்திரப்படுத்துகிறார்கள். அது 20 எழுத்து, கீ 25. ப்ராடக்ட் ஐடியை வைத்து எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது.

போர்டில் உள்ள கீயைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஷோகீபிளஸ் என்ற இலவசச் செயலி கிடைக்கிறது. இப்போது ஓடும் விண்டோஸின் கீ ஒன்று, போர்டில் உள்ள ஓஇஎம் கீ (அதாவது கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனி போட்டது) ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே காட்டும். ஓஇஎம் கீ என்ற இடம் காலியாக இருந்தால் உங்கள் போர்டில் கீ எழுதப்படவில்லை. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் அப்படித்தான் இருக்கும். விண்டோஸே எழவில்லை, ஆனால் போர்டு நன்றாக இருக்கிறது என்றால், உபுண்டு போன்ற லினக்ஸை லைவ் பென்டிரைவில் ஏற்றுங்கள். சிஸ் என்ற அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் டேபிள்ஸ் என்று இறங்கினால் எம்எஸ்டிஎம் என்ற கோப்பு இருக்கும். அட்மின் அனுமதியோடு திறந்தால் கடைசியில் 25 எழுத்தும் தெரியும்.

சர்வரில் பதிவானது

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தபோது, 7-லிருந்தும் 8.1-லிருந்தும் இலவசமாக மாறலாம் என்றார்கள். அப்படி மாறிய கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குத் தனிக் கீ எதுவும் தரப்படவில்லை. மதர்போர்டு முதலான பாகங்களை வைத்து ஒரு கைரேகை போல எடுத்து, "இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமம் உண்டு" என்று மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் குறித்துக்கொண்டது. இதற்கு டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர். அதே கம்ப்யூட்டரில் அதே பதிப்பை எத்தனை முறை போட்டாலும் கீ இல்லாமலே ஆக்டிவேட் ஆகும். 10-இல் இருந்த உரிமம் 11-க்கும் செல்லும்.

ஆனால் இந்தக் கம்ப்யூட்டர்களில் கீ எடுக்கும் மென்பொருளை ஓட்டினால் ஒரு கீ வரும். அதை மகிழ்ச்சியோடு எழுதி வைக்கும் முன் கடைசி ஐந்து எழுத்தைப் பாருங்கள். ஹோம் பதிப்பில் 8, ஹெச், வி, எக்ஸ், 7 என்று முடிந்தாலும், ப்ரோவில் 3, வி, 6, 6, டி ஃபார் டைகர் என்று முடிந்தாலும், சிங்கிள் லாங்வேஜில் 6, எஃப், 4, பி ஃபார் பால், டி ஃபார் டைகர் என்று முடிந்தாலும் அது ஊருக்கெல்லாம் பொதுவான கீ. இப்படி மாறிய, அதே பதிப்புள்ள கம்ப்யூட்டர்களிலெல்லாம் அதே கீதான் இருக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் விண்டோஸ் நிறுவப்படும், ஆக்டிவேட் ஆகாது. கீ மீட்புக் கருவிகளுக்குக் காசு கேட்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் அவர்கள் மீட்டுத் தருவது இந்தப் பொதுக் கீயைத்தான்.

பழைய 7, 8 கீகளை வைத்து விண்டோஸ் 10-ஐ நேரடியாக ஆக்டிவேட் செய்யும் வசதி 2015 நவம்பர் அப்டேட்டில் வந்தது. இலவசச் சலுகை 2016 ஜூலையோடு முடிந்ததாக அறிவித்த பிறகும் இந்தக் கதவு வருடக்கணக்கில் திறந்தே கிடந்தது. 2023 செப்டம்பரில்தான் மூடினார்கள். அதனால் பரணில் கிடக்கும் விண்டோஸ் 7 பெட்டியின் கீ இன்று புதிய கம்ப்யூட்டருக்கு உதவும் என்று யாராவது சொன்னால் அது பழைய செய்தி. அதற்கு முன்பே மாறிவிட்ட கம்ப்யூட்டருக்குக் கவலை இல்லை; அதன் உரிமம் சர்வரில் இருக்கிறது.

சர்வரில் இருப்பதைப் பாதுகாக்க நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் 10-இல் அது அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள், 11-இல் சிஸ்டத்துக்குள் இருக்கும். டிஜிட்டல் லைசென்ஸால் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று மட்டும் இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைச் சேருங்கள். அந்த வரியோடு "மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டது" என்பதும் வந்துவிட்டால் வேலை முடிந்தது. நாளை மதர்போர்டு மாறி ஆக்டிவேஷன் போனால் அதே பக்கத்தில் ட்ரபிள்ஷூட் என்பதை அழுத்தி, அண்மையில் பாகங்களை மாற்றினேன் என்ற வரியைத் தேர்ந்து, அதே கணக்கில் நுழைந்து, பட்டியலில் பழைய கம்ப்யூட்டரின் பெயரைக் காட்டிக் கேட்கலாம். கடைக்காரர் தன் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தால் இது நடக்காது. கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், பாஸ்வேர்டு உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

எதை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம்?

கீபோர்டில் விண்டோஸ் லோகோ உள்ள பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்தையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு போட்டு, டி ஃபார் டாக், எல், ஐ என்று முடித்து என்டர் தட்டுங்கள். சிறிய பெட்டி ஒன்று வரும்; உரிமத்தின் வகையும் கீயின் கடைசி ஐந்து எழுத்தும் அதில் இருக்கும்.

ஓஇஎம் என்று இருந்தால் உரிமம் முதலில் ஏறிய கம்ப்யூட்டரோடு பிறந்தது, அதோடே போகும். போர்டு பழுதாகி, உத்தரவாதத்தில் கம்பெனியே மாற்றித் தந்தால் உரிமம் தொடரும். லேப்டாப்பை வாங்கி வரும் முன், புதிய போர்டில் விண்டோஸ் கீ எழுதப்பட்டதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அங்கேயே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரீடெய்ல் என்று இருந்தால் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் என்பதுதான் நிபந்தனை. ஆனால் அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன பொதுக் கீகளும் ரீடெய்ல் என்றே காட்டும். ஓஇஎம் விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக 10-க்கு வந்த கம்ப்யூட்டரும் ரீடெய்ல் என்றே சொல்லும். கடைசி ஐந்து எழுத்து பொதுக் கீயுடையது என்றால் ரீடெய்ல் என்ற சொல்லை நம்பாதீர்கள். நீங்கள் கடையிலோ மைக்ரோசாஃப்டிடமோ தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் பெட்டிக்குள் அட்டையோ, வாங்கியதை உறுதிசெய்யும் மின்னஞ்சலோ இருக்க வேண்டும். மாற்றத்தக்க கீ அதுதான்.

வால்யூம் என்று இருந்தால் அது ஒரு நிறுவனத்தின் உரிமம், உங்களுடையது அல்ல. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைப் பார்ப்பார்கள். அந்த ஆக்டிவேஷன் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டு 180 நாளுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். உங்கள் வீட்டில் அந்த சர்வர் ஏது? வாங்கும்போது நன்றாக இருந்த லேப்டாப்பில் சில மாதம் கழித்து "ஆக்டிவேட் செய்யவும்" என்ற எழுத்து திரையின் மூலையில் வருவது இதனால்தான். ஆனால் இங்கே நல்ல செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. நிறுவனங்களுக்கான வால்யூம் உரிமம் ஏற்கெனவே உள்ள ஒரு விண்டோஸின் மேல் ஏறும் உரிமம். ஆகவே அந்த லேப்டாப் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ கீயைப் போர்டில் சுமந்துகொண்டுதான் வந்திருக்கும். நிறுவனம் போட்ட என்டர்பிரைஸை அழித்துவிட்டு ப்ரோவைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். இதைத் தெரியாமல் அந்த லேப்டாப்களுக்குத் தனியாகக் கீ வாங்குகிறவர்கள் நிறைய.

கடைக்காரர் சொல்லும் "சாதா"வும் பெரும்பாலும் இதே வால்யூம் முறையின் போலிதான். நிறுவன சர்வர் போல நடிக்கும் ஒரு நிரலைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். அதை வைக்க, விண்டோஸின் பாதுகாப்பு நிரலான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். அணைத்த பிறகு கூடவே என்னென்ன உள்ளே வந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டியையும் திறக்கிற கம்ப்யூட்டரில் இது வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குப் பதில் ஆக்டிவேட் செய்யாத ஒரிஜினல் விண்டோஸையே வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் எழுத்து நிற்கும், வால்பேப்பர் மாற்ற விடாது, மற்றபடி வேலை நடக்கும். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் கீகளும் பெரும்பாலும் எங்கோ ஒரு நிறுவனத்துக்குத் தந்த வால்யூம் கீகள். இன்று ஆக்டிவேட் ஆகும். மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கும் நாளில் போகும்.

கீ போட்ட பிறகும் அடம்பிடித்தால்

பிழைக் குறியீட்டின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். எஃப்050 என்று முடிந்தால் கீ தவறு. அல்லது வேறு பதிப்பின் கீ. சி008 என்றால் கீ ஏற்கெனவே வேறு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அங்கிருந்து எடுத்துவிட்டு வாருங்கள். எஃப்211 என்றால் பாகங்கள் மாறியதால் கம்ப்யூட்டரை அடையாளம் தெரியவில்லை; மேலே சொன்ன ட்ரபிள்ஷூட் வழியாகப் போக வேண்டும். சி003 என்றால் கீயே முடக்கப்பட்டது. விற்றவரிடம் பணத்தைக் கேட்பது தவிர வழியில்லை.

போர்டில் ஹோம் கீ இருந்து, நீங்கள் ப்ரோவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தால், நிறுவல் நிரல் உங்களைக் கேட்காமல் ஹோமையே போடும். பதற வேண்டாம். ஹோம் முழுதாக ஏறட்டும். பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில் கீயை மாற்று என்பதை அழுத்தி ப்ரோ கீயைப் போட்டால் அதுவே ப்ரோவாக மாறிக்கொள்ளும், கோப்புகள் எதுவும் போகாது.

பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது

ஓஇஎம் உரிமமுள்ள லேப்டாப்பை அப்படியே விடுங்கள். கீ வாங்குபவருக்கே சொந்தம், விலை பேசும்போது அதையும் சொல்லலாம். ரீடெய்ல் கீயை உங்களோடு எடுத்துப்போவதானால், முதலில் கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, மேலே சொன்ன அதே ஐந்தெழுத்துக் கட்டளைக்குப் பின் இடைவெளியும் சாய்கோடும் விட்டு யூ, பி ஃபார் பென், கே என்று அடித்தால் கீ கழன்றுவிடும். அடுத்து அதே போல சி, பி ஃபார் பென், கே, ஒய் என்று அடித்தால் ரெஜிஸ்ட்ரியில் தங்கிய தடமும் அழியும். வட்டை ஃபார்மேட் அடிக்கும் முன் இரண்டையும் செய்துவிட்டு, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தக் கம்ப்யூட்டரை நீக்குங்கள்.